சிலம்பாயி சிலுப்பவில்லை

காடு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓரம் என்று ஒன்று இருக்கும். ஓரம் இருந்தால் அங்கே ஒரு சந்தை கூடாமல் போகுமா? நம் கதைக் காட்டின் ஓரத்திலும் ஒரு சந்தை கூடியது. அதில் நெட்டையன் என்ற நாரை, வாத்து விற்றுக்கொண்டிருந்தான்.

நெட்டையனின் வாத்துகள் கூண்டில் வளர்ந்தவை அல்ல. அறுவடை முடிந்த வயலாகப் பார்த்துப் பார்த்து, ஊர் ஊராக ஓட்டிப்போய் மேய்த்த வாத்துகள். சிந்திய நெல், நத்தை, புழு என்று கண்டதையும் தின்று, வாய்க்காலைக் கண்ட இடத்தில் குளித்து வளர்ந்தவை.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி சிலம்பாயி. அவளிடம் இரண்டு உறுப்புகள் ஓயவே ஓயாது. ஒன்று வாய், இன்னொன்று வால். வாயை மூடினால் வால் ஆடும். வாலை நிறுத்தினால் வாய் திறந்துகொள்ளும். யாராவது அவளைப் புகழ்ந்துவிட்டாலோ இரண்டும் சேர்ந்து ஆடும். அன்றைக்குச் சந்தை என்பதால் காலையிலேயே அலகால் இறகையெல்லாம் கோதி, எண்ணெய் பூசி, பளபளவென்று வந்து நின்றிருந்தாள்.

அப்போது மயில்வாகனம் வந்தான். மயில்வாகனம் ஒரு நரி. பேரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். மயிலும் கிடையாது, வாகனமும் கிடையாது. புலி தின்று மிச்சம் வைத்ததை நக்கித் தின்று வளர்ந்த உடம்பு. காட்டில் அவனுக்கு 'எச்சில் நரி' என்றே பெயர். ஆனால் அன்று அவன் தோரணையே வேறாக இருந்தது. வாலைச் சீவி விட்டிருந்தான். தேக்கிலையில் நண்டுகளைக் கட்டி, வாத்துக்கு விலையாகக் கொடுக்க எடுத்து வந்திருந்தான்.

"இது மேஞ்ச வாத்தா, அடைச்சு வளத்த வாத்தா?" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டான்.

"மேஞ்சதுதாங்க" என்றான் நெட்டையன். அவன் கண் நண்டின் மேல் இருந்தது.

"எல்லாப் பயலும் அப்படித்தான் சொல்றான். வாயில வச்சாத்தானே தெரியுது, பஞ்சைத் தின்ன மாதிரி இருக்கு. இதுவும் கூண்டுல கெடந்து பெருத்ததாத்தான் இருக்கும்."

சிலம்பாயிக்குச் சுருக்கென்றது.

"யாரைப் பாத்துக் கூண்டுல கெடந்தவள்னு சொல்றீங்க?" என்று முன்னால் வந்து நின்றாள். "நான் மேயாத வயல் இருக்கா? கால் நனைக்காத வாய்க்கால் இருக்கா? இந்தக் காலைப் பாருங்க, எப்படி உரமேறிக் கெடக்கு! நெஞ்சைத் தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்கன்னா! ஒரு எடத்துல தொளதொளன்னு இருந்தா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க!"

மயில்வாகனம் தொட்டுப் பார்த்தான். அவன் வாயில் எச்சில் ஊறியதைச் சிலம்பாயி மரியாதை என்று நினைத்துக்கொண்டாள்.

"அடேயப்பா! இப்படி ஒரு வாத்தை நான் பாத்ததே இல்ல" என்றான் அவன். "இதையே குடு."

சிலம்பாயியின் வால் படபடவென்று ஆடியது. நெட்டையன் நண்டை வாங்கிக்கொண்டு, வைக்கோல் பிரியால் அவள் காலைக் கட்டி மயில்வாகனத்தின் கையில் கொடுத்தான். இத்தனை நாள் மேய்த்தவன் ஆயிற்றே, ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவான் என்று அவள் பார்த்தாள். அவன் நண்டின் காலை ஒடித்துக்கொண்டிருந்தான்.

வழியெல்லாம் அவளுக்குப் பேச்சுதான்.

"எங்க போறோம்?"

"விருந்துக்கு."

"நானுமா?"

"நீ இல்லாம விருந்தே கெடையாது, தாயி."

சிலம்பாயிக்குப் பெருமை தாங்கவில்லை. இதுவரை அவளை யாரும் எந்த விருந்துக்கும் அழைத்ததில்லை.

ஓடைக்கரையில் ஒரு மருதமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு குழி வெட்டி, அதில் கருவேலங்கட்டை போட்டு எரித்து, கங்கு பழுத்துக் கிடந்தது. குழியின் இரண்டு பக்கமும் கவட்டைக் கம்பு நட்டிருந்தது. பக்கத்தில் அம்மியில் மிளகும் சீரகமும் இஞ்சியும் பூண்டும் அரைத்து வழித்து வைத்திருந்தது. ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயம் உரித்துக் கிடந்தது. வயிரவன் என்ற காட்டுப்பன்றி கங்குக்கு முன்னால் உட்கார்ந்து, கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப ஆகும்?" என்றான் வயிரவன்.

"அவசரப்படாதே, மாப்ளே" என்றான் மயில்வாகனம். "இது ஒண்ணும் பொணந்தின்னிச் சாப்பாடு இல்ல. முழுசாச் சுடணும். துண்டு போட்டா சாறு ஒழுகிப் போயிரும். வயித்துக்குள்ள வெங்காயத்தை அடைக்கணும், மேலே மசாலாவை நல்லாத் தேச்சு ஊற விடணும், பச்சைக் கம்புல கோத்து மெதுவாத் திருப்பிக்கிட்டே இருக்கணும். கொழுப்பு உருகிச் சொட்டும் பாரு, கங்குல விழுந்து சுர்ர்ருங்கும். தோலு அப்பளமா நொறுங்கும்."

"யாரோட வயித்துக்குள்ள வெங்காயம்?" என்று கேட்டாள் சிலம்பாயி.

வயிரவன் அவள் வயிற்றைப் பார்த்தான்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. பயத்தோடு சேர்ந்து வெட்கமும் வந்தது. தன் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதே தான்தானே! கூண்டு வாத்து என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று சும்மா இருந்திருந்தால் இந்நேரம் வயலில் நத்தை பொறுக்கிக்கொண்டிருக்கலாம்.

அந்த நேரத்தில் புதரை விலக்கிக்கொண்டு சடையாண்டி வந்தார். சடையாண்டி ஒரு கிழட்டுக் கரடி. காட்டு வழக்கம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எது வழக்கம், எது வழக்கமில்லை என்று அவர்தான் சொல்வார். ஏன் வழக்கம் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அவருக்குக் கோபம் வரும், ஏனென்றால் அவருக்கும் தெரியாது. அவர் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அது விருந்து. அவர் எழுந்து போய்விட்டால் மயில்வாகனம் ஆயுசுக்கும் எச்சில் நரிதான்.

"வாங்கண்ணே, வாங்க" என்று குழைந்தான் மயில்வாகனம். "மேஞ்ச வாத்து! நானே பாத்துப் பொறுக்கினது."

சடையாண்டி வாத்தைப் பார்த்தார். அதன் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னப்பா இது, கட்டிப் போட்டிருக்கே? அவுத்து விடு."

சிலம்பாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அட, நல்லவர் போலிருக்கிறதே!

"நம்ம காட்டுல விருந்துக்குன்னு வாங்கின உயிரை அது சம்மதம் இல்லாம நெருப்புல வைக்கிற வழக்கம் கெடையாது" என்றார் சடையாண்டி. "தலையில தண்ணி ஊத்தணும். அது தானா உடம்பைச் சிலுப்பணும். சிலுப்பிட்டா, 'சரி, என்னைச் சாப்பிடுங்க'ன்னு அர்த்தம். பொழுது அடையறதுக்குள்ள சிலுப்பலேன்னா விட்டுரணும். கட்டி வச்சுக் கேட்டா அது என்னப்பா சம்மதம்?"

கட்டை அவிழ்த்தார்கள். சிலம்பாயி ஓடையைப் பார்த்தாள். பத்தடி கூட இருக்காது.

"ஓடிடாதே, தாயி" என்றார் சடையாண்டி அன்பாக. "ஓடினா அது வேட்டை. வேட்டைக்குச் சம்மதமெல்லாம் கேக்கறதில்ல. வயிரவன் உன்னை அப்படியே பச்சையாத் தின்னுருவான்."

"எப்ப ஆகும்?" என்றான் வயிரவன்.

ஓடவும் வழியில்லை. பறக்கலாம் என்றால், தின்று கொழுத்த வாத்து எங்கே பறப்பது? சிலம்பாயி தனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தாள். வாயைத் திறந்தாள்.

"பெரியவரே, தண்ணியெல்லாம் எதுக்கு? என் சம்மதம்தானே வேணும்? நானே சொல்லிடறேன். எனக்குச் சம்மதமில்லை. துளிகூட இல்லை. நான் சாக விரும்பலை."

சடையாண்டி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வாயால சொல்றது செல்லாது, தாயி. உடம்பு சொல்லணும்."

"உடம்பும் வாயும் ஒரே ஆளுதானே?"

"அப்படிக் கேக்கற வழக்கமில்ல" என்றார் அவர். பிறகு மயில்வாகனம் பக்கம் திரும்பி, "ஊத்துப்பா" என்றார்.

மயில்வாகனம் ஒரு குடம் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினான்.

குழந்தைகளே, ஆட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் சிலுப்பும். நாயின் மேல் ஊற்றினாலும் சிலுப்பும். ஆனால் சிலம்பாயி காலையில்தான் இறகுக்கெல்லாம் எண்ணெய் பூசியிருந்தாள். அத்தனை தண்ணீரும் முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தது. அவள் உடம்பில் ஈரமே இல்லை.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"சிலுப்பலை" என்றார் சடையாண்டி. "கட்டாயப்படுத்தக் கூடாது. அதுவா விரும்பிச் செய்யட்டும். இன்னொரு குடம் ஊத்து."

இன்னொரு குடம் ஊற்றினான். பிறகு இன்னொன்று. தண்ணீர் உருண்டுகொண்டே இருந்தது. தண்ணீரை நினைத்துச் சிலம்பாயி கவலைப்படவில்லை. அவளுக்குக் கவலையெல்லாம் வாலைப் பற்றித்தான். பிறந்ததிலிருந்து அது சேர்ந்தாற்போல் நாலு மூச்சு நேரம் சும்மா இருந்ததில்லை. இப்போது நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்கிக்கொண்டு குறுகுறுத்தது. ஆட்டு, ஆட்டு, ஒரே ஒரு தடவை ஆட்டு என்று வால் கெஞ்சியது. அவள் அலகை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி, மூச்சைக்கூடப் பாதியாக விட்டாள்.

மயில்வாகனம் ஒரு புல்லை எடுத்து அவள் காதோரம் நீட்டினான்.

"தொடக் கூடாது!" என்று அதட்டினார் சடையாண்டி. "தொட்டா அது சம்மதம் ஆகாது."

மயில்வாகனம் புல்லை எறிந்துவிட்டு யோசித்தான். சந்தையில் இவளைப் புகழ்ந்தபோது வால் எப்படி ஆடியது என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. நரியல்லவா! மெதுவாக அவள் முன்னால் உட்கார்ந்தான். குரலில் தேனைத் தடவிக்கொண்டான்.

"சிலம்பாயி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? எத்தனையோ சந்தைக்குப் போயிருக்கேன். உன்னை மாதிரி ஒரு அழகியைப் பாத்ததில்ல."

வாலுக்குள் ஏதோ துடித்தது.

"அந்த நடை என்ன, அந்தக் கழுத்து என்ன! நீ பேசினா மணி அடிச்ச மாதிரி இருக்கு. நெட்டையன் கூட்டத்துல உன் பக்கத்துல நிக்கவே மத்த வாத்தெல்லாம் கூச்சப்படுதாமே?"

ஐயோ! இது உண்மையிலேயே நல்ல புகழ்ச்சி. இப்படி யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். வாலின் அடி சூடேறியது, நுனி அரித்தது. இதோ, இதோ ஆடிவிடப் போகிறது என்ற நிலையில் சிலம்பாயி முறத்திலிருந்த வெங்காயத்தைப் பார்த்தாள். உரித்த, உருண்டையான, வெள்ளை வெளேரென்ற வெங்காயம். அது ஒவ்வொன்றாகத் தன் வயிற்றுக்குள் போவதை நினைத்தாள்.

வால் அடங்கிவிட்டது. அவள் கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது. வெங்காயத்தின் நெடியால் வந்த கண்ணீர் இல்லை அது. உண்மையிலேயே அழுதாள்.

"அழுவுதே" என்றான் வயிரவன்.

"அழுவறது கணக்குல வராது" என்றார் சடையாண்டி.

பொழுது மேற்கே சாய்ந்தது. கங்கு நீறுபூக்கத் தொடங்கியது. மயில்வாகனத்துக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த விருந்து நடக்காவிட்டால் நாளைக்குக் காடு முழுக்கச் சிரிக்கும். எச்சில் நரி ஒரு வாத்தைச் சுட முடியாமல் குளிப்பாட்டி அனுப்பினான் என்று குரங்குகள் பாட்டுக் கட்டும்.

"மாப்ளே, குடமெல்லாம் காணாது" என்று அவன் வயிரவனிடம் கத்தினான். "அந்த அண்டாவை ரொப்பிக் கொண்டா!"

வயிரவன் ஓடைக்கு ஓடினான். அண்டாவைத் தளும்பத் தளும்ப ரொப்பி, இரண்டு காலில் நிமிர்ந்து, தள்ளாடித் தள்ளாடித் தூக்கி வந்தான்.

சிலம்பாயி மயில்வாகனத்தைப் பார்த்தாள். சீவி விட்ட வால், அடர்ந்த முடி, நுனிவரை உலர்ந்த உடம்பு. ஊர் ஊராக மேயப் போனபோது வாய்க்காலில் விழுந்து கரையேறுகிற நாய்களை அவள் எத்தனை பார்த்திருக்கிறாள்! பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் நனைத்துவிட்டுத்தான் அவை நகரும். நரிக்கும் நாய்க்கும் முடியில் என்ன பெரிய வித்தியாசம்?

அவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஈனக் குரலில் முனகினாள்.

"ஐயா... இனிமே என்னால முடியாது. வலது எறக்கைக்குக் கீழ ஏதோ வெடவெடன்னு வருது. சிலுப்பறேனா இல்லையான்னு எனக்கே தெரியலை. கிட்ட வந்து பாருங்களேன்."

மயில்வாகனத்துக்கு முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன்ல! எனக்கு வாத்தைப் பத்தித் தெரியும்!" என்று சொல்லிக்கொண்டே வந்து, அவள் இறக்கையின் கீழே மூக்கை நுழைக்காத குறையாகக் குனிந்தான்.

"எங்க? தெரியலையே?"

"இன்னும் கொஞ்சம் குனிங்க, ஐயா. வயிரவண்ணே, ஊத்துங்க! இப்ப ஊத்தினா வந்துரும்!"

வயிரவனுக்கு அண்டாவின் பாரத்தால் கை கடுத்துப் போயிருந்தது. பசி வேறு கண்ணை மறைத்தது. யார் எங்கே நிற்கிறார்கள் என்றெல்லாம் அவன் பார்க்கவில்லை. அண்டாவை அப்படியே கவிழ்த்தான்.

சிலம்பாயியின் மேல் விழுந்த தண்ணீர் வழக்கம்போல உருண்டு ஓடிவிட்டது. மயில்வாகனத்தின் மேல் விழுந்தது அவன் முடிக்குள் இறங்கி, தோலைத் தொட்டு, காதுக்குள் புகுந்து, மூக்கில் ஏறியது. அவன் ஒன்றும் யோசிக்கவில்லை. நனைந்த நரி என்ன செய்யுமோ அதைச் செய்தான். காலை அகட்டி நின்று, மூக்கு நுனியில் தொடங்கி வால் நுனிவரை, உடம்பு மொத்தத்தையும் படபடபடவென்று சிலுப்பினான்.

தண்ணீர் தெறித்துக் கங்கில் பட்டுச் சுர்ரென்றது.

சடையாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சிலுப்பிட்டான்" என்றார்.

வயிரவன் மயில்வாகனத்தைத் தலையிலிருந்து கால்வரை மெதுவாகப் பார்த்தான். அம்மியில் இருந்த மசாலாவைப் பார்த்தான். மறுபடியும் மயில்வாகனத்தைப் பார்த்தான்.

"எப்ப ஆகும்?" என்றான்.

"டேய், நான் விருந்து வைக்கிறவன்டா!" என்று அலறினான் மயில்வாகனம்.

"யாரு வைக்கிறா, யாரு வேகுறான்னெல்லாம் வழக்கம் பாக்கறதில்ல" என்றார் சடையாண்டி. "தண்ணி விழுந்துச்சு. உடம்பு சிலுப்புச்சு. இவ்வளவு தெளிவா ஒருத்தன் சம்மதம் சொல்லி நான் பாத்ததில்ல, தம்பி."

"நான் சம்மதிக்கலை, அண்ணே! இதோ வாயைத் திறந்து சொல்றேன், எனக்குச் சம்மதமில்லை! நான் சாக விரும்பலை!"

சடையாண்டி வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார்.

மயில்வாகனம் ஓட்டம் பிடித்தான். ஓடினால் அது வேட்டை ஆகிவிடும் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த முறத்து வெங்காயத்தைப் பார்த்த பிறகு நிற்க முடியவில்லை. வயிரவன் அண்டாவைப் போட்டுவிட்டு அவன் பின்னால் பாய்ந்தான். இரண்டு பேரும் புதரை முறித்துக்கொண்டு ஓடுகிற சத்தம் வெகுதூரம் கேட்டது.

பொழுது அடைந்துவிட்டது.

"நீ போகலாம், தாயி" என்றார் சடையாண்டி. அவர் கங்கில் நாலு வெங்காயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அது வேகக் காத்திருந்தார்.

சிலம்பாயி போகவில்லை. இவ்வளவு நேரம் மூடியிருந்த வாய் ஆயிற்றே!

"ஏன் பெரியவரே, எனக்குச் சம்மதமில்லைன்னு நான் மொதல்லயே சொன்னேனே. அப்பவே விட்டிருந்தா எல்லாரும் நிம்மதியா வெங்காயம் தின்னுட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே?"

சடையாண்டி காதைச் சொறிந்தார். வெங்காயத்தைப் புரட்டினார். அவள் ஓடையில் இறங்கி, நெட்டையன் இருக்கிற பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக நீந்திப் போனாள்.

நீதி: ஒருவர் வாய் திறந்து 'வேண்டாம்' என்று சொன்ன பிறகும் அவரிடம் சம்மதம் தேடுகிறவன், தன் முறை வரும்போது தன் 'வேண்டாம்' யார் காதிலும் ஏறாது என்பதை அறிய வேண்டும்.